துடைப்பம் சாத்திய கதவு

தூலாவின் வீட்டுக் கதவில் துடைப்பம் குறுக்கே சாத்தியிருந்தால் அவள் உள்ளே இல்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். பூட்டு என்பது ஊரைவிட்டே போகிறவர்களுக்கு. கடைக்கும் காட்டுக்கும் போகிறவர்களுக்குத் துடைப்பம் போதும். ஆனால் தூலாவின் துடைப்பத்துக்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, மத்தியானம் அது சாத்தப்பட்ட நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம். அதற்குள் அது எடுக்கப்படாவிட்டால் நான் கோட்டை மாட்டிக்கொண்டு அவளைத் தேடிக் கிளம்ப வேண்டும். அவள் ஓடும் வழி எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லாமல் அந்த வழியை அவள் மாற்றவே மாட்டாள். இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

இருபத்தாறு குளிர்காலம் அது நடந்தது. ஒரு தடவைகூட நான் கிளம்ப நேர்ந்ததில்லை. என் சமையலறை ஜன்னல் அவள் கதவுக்கு நேர் எதிரே. காபியை ஊற்றிக்கொண்டு உட்காருவேன். டிசம்பரில் எங்களுக்குப் பகல் என்பது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி. இரண்டரை மணிக்கெல்லாம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் ஒரு நீலம் இறங்கும். பனியும் நீலம், வானமும் நீலம், ஏரி எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அந்த நீலத்துக்குள்தான் தூலா ஓடுவாள். அவள் கோட்டின் இரண்டு பக்கமும் தொங்கும் ரிஃப்ளெக்டர் வில்லைகள், எதிரே கார் வந்தால், ஒரு முறை மினுங்கும். பிறகு அதுவும் தெரியாது.

நான் ஓடுகிறவள் அல்ல. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டேன். அடுத்த பஸ் வராமலா போகும். ஆனால் அந்தத் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே நானும் ஓடுவேன். இப்போது தபால் பெட்டிகளைத் தாண்டியிருப்பாள். ஒன்பது பெட்டி, ஒன்பது பனித்தொப்பி. இப்போது மேட்டிலிருந்து இறங்குகிறாள், இரண்டு பக்கமும் பிர்ச் மரங்கள், வெள்ளைக்குள் வெள்ளையாக. இப்போது ஏரிக்கரை. கவிழ்த்துப் போட்ட படகுகள் பனிக்கு அடியில் மாடுகள் படுத்திருப்பதுபோல் கிடக்கும். இப்போது பழைய பால் மேடை. ஒரு காலத்தில் பால் கேன்களை வைத்த பலகையை ஒரு கையால் தொட்டுவிட்டுத் திரும்புவாள். அவளுடைய காலடியைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இராது. கண்ணைத் திறந்துகொண்டே நான் கண்ட கனவு அது. கனவு கலையும்போது காபி ஆறிப்போயிருக்கும், துடைப்பம் மூலைக்குப் போயிருக்கும், அவள் ஜன்னலில் விளக்கு எரியும். நானும் ஓடி வந்தவள் போல ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்திருப்பேன்.

தூலா பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு முப்பத்தேழு வருஷம் ஆக்கிப் போட்டவள். ஆள் குட்டை, அகலம். பெரிய கரண்டி பிடித்துப் பிடித்து வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். வியாழக்கிழமைகளில் அவள் மேல் பட்டாணி சூப் வாசனை அடிக்கும். எத்தனை முறை சவுனா என்னும் நீராவி அறையில் உட்கார்ந்து வியர்த்தாலும் அது வெள்ளிக்கிழமைவரை போகாது. அவளைப் பார்த்து ஓட்டக்காரி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அவள் ஓட ஆரம்பித்த கதை இப்படி. அவள் புருஷன் ஒரு நல்ல வேலை கிடைத்ததென்று ஸ்வீடன் போனான். வேலையும் கிடைத்தது, வேறொருத்தியும் கிடைத்தாள். அந்த நவம்பரில் தூலாவுக்குள் இருட்டு புகுந்துவிட்டது. எங்கள் ஊரில் இது புதிதல்ல. நவம்பர் வந்தால் யாராவது ஒருவருக்குள் புகும். வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் விழுவாள், மறுநாள் காலைவரை எழமாட்டாள். பேசினால் பதில் வராது. ஒரு காலை, மழை பெய்து உடனே உறைந்து, சாலை முழுக்கக் கண்ணாடி. பஸ் பிர்ச் மரங்களுக்குப் பக்கத்தில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர். அவள் வராவிட்டால் அத்தனை பிள்ளைகளும் பட்டினி. புருஷன் விட்டுவிட்டுப் போன சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி வீட்டில் கிடந்தது. அதைத் தன் பூட்ஸுக்கு மேலே இழுத்து மாட்டிக்கொண்டாள். கம்பளி, உறைபனியை நன்றாகப் பிடிக்கும். நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று ஓடினாள். அவ்வளவுதான். அன்று மத்தியானம் திரும்பி வந்து என் கதவைத் தட்டினாள்.

"ஐலா, பசிக்குதுடி. ஏதாவது இருக்கா?" என்றாள்.

மூன்று வாரத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் அது. கறுப்பு ரை ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தேன். அவள் தின்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாளிலிருந்து மத்தியானம் துடைப்பத்தைச் சாத்திவிட்டு ஓடத் தொடங்கினாள்.

பிறகு அவள் ஆணி வைத்த ஷூ வாங்கினாள், அடிப்பாகத்தில் சின்னச் சின்ன எஃகுப் பற்கள் உள்ளது. ஒவ்வொரு அக்டோபரிலும் அதைத் திருப்பிப் போட்டு விரலால் தடவுவாள். பல் மழுங்கியிருந்தால் புது ஜோடிதான். உடம்போடு ஒட்டிக் கம்பளி, பருத்தியைத் தொடமாட்டாள். வியர்வையில் நனைந்த பருத்தி ஈரத்துணியாக முதுகில் ஒட்டிக்கொண்டு குளிரை உள்ளே கூட்டி வரும் என்பாள். மைனஸ் பதினைந்து டிகிரிக்குக் கீழே போனால் வாயைச் சால்வையால் மூடிக்கொள்வாள். மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே போனால் ஓடமாட்டாள். அன்றைக்கு உர்ரென்று உட்கார்ந்து பின்னல் போடுவாள், பக்கத்தில் போக முடியாது. ஏரி மேல் ஓடுவது பிப்ரவரிக்கு அப்புறம் மட்டும். அப்போதும் மீன் பிடிக்கிறவர்கள் துளை போட்டு உட்கார்ந்திருக்கும் பக்கமாகத்தான், கழுத்தில் இரண்டு கூரான குத்தூசிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு. ஒருவேளை ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்தால் அந்த ஊசிகளை ஐஸில் குத்திக் குத்தித்தான் மேலே ஏறி வர முடியும்.

அவள் ஓடும் விதம்தான் எங்கள் தெருவுக்கே சிரிப்பு. குட்டிக் குட்டியாக அடி வைப்பாள், கைகள் இரண்டும் கொஞ்சம் விரிந்திருக்கும்.

"சுடுகல்லுல விட்ட கோழி மாதிரி ஓடுறா பாரு," என்பார் தைஸ்தோ.

"பெருசு, உனக்கு என்ன தெரியும்? காலை எட்டி வச்சா ஐஸுக்குத் தெரிஞ்சுடும், ஒருத்தி வர்றாள்னு. உடம்புக்கு நேர் கீழ வச்சேன்னு வை, அது தூங்கிட்டே இருக்கும்," என்பாள் தூலா.

தைஸ்தோ அவள் வீட்டுக்கு அடுத்த வீடு. அந்தப் பெயருக்கே சண்டை என்றுதான் பொருள். பெற்றவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். காட்டில் மரம் வெட்டப் போய், வெட்டிய மரம் ஒன்று உருண்டு வந்து இடது முழங்காலை முடித்துவிட்டது. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால் அவர் ராஜா. இரண்டு நீள இரும்புச் சட்டங்களின் மேல் ஒரு நாற்காலி, அதன் முதுகில் கைப்பிடி. பின்னால் ஒரு சட்டத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு மறு காலால் உதைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இந்த உதைவண்டி உண்டு. ஆனால் தைஸ்தோவுக்கு அதுதான் கால். பாலுக்கும் ரொட்டிக்கும் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்கு அதில்தான் போவார். அது ஓட வேண்டுமானால் சாலை வழுவழுவென்று உறைந்திருக்க வேண்டும். நடப்பவர்கள் வழுக்காமலிருக்கச் சரளைப்பொடி தூவிவிட்டால் இரும்பு கிறீச்சிடும், வண்டி நின்றுவிடும்.

அதனால்தான் வருஷா வருஷம் எங்கள் சாலைக் கூட்டத்தில் ஒரே சண்டை. எங்கள் கொய்வுநியெமி சாலை அரசாங்கத்தின் சாலை அல்ல. அதில் குடியிருக்கும் ஒன்பது வீட்டுக்கும் சொந்தம். பனி தள்ளுவதா, எப்போது தள்ளுவது, சரளை தூவுவதா வேண்டாமா என்று நாங்கள்தான் கூடி முடிவு செய்ய வேண்டும். நான் செயலாளர். நடப்பவர்கள் சரளை வேண்டும் என்பார்கள், உதைவண்டிக்காரர்கள் கூடாது என்பார்கள். ஓட்டு சமமாகப் பிரிந்தால் பழையபடியே, அதாவது சரளை இல்லை. எப்போதும் தைஸ்தோ பக்கம்தான் ஜெயிக்கும். தூலாவுக்கு அதில் கவலையே இருந்ததில்லை. "என் கால்லயே பல்லு இருக்கு, எனக்கெதுக்குச் சரளை? பெருசு சறுக்கிட்டுப் போகட்டும்," என்று அவளும் அவர் பக்கமே கை தூக்கிவிடுவாள்.

தைஸ்தோ மட்டும் துடைப்பம் சாத்தமாட்டார். "கடைக்குப் போறீங்களே, கதவுல ஒரு துடைப்பத்தைச் சாத்திட்டுப் போகக் கூடாதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எதுக்கு? என்னைத் தேடி யாரு வரப்போறா?" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

போன மார்ச்சில் அது நடந்தது. காலையில் ரேடியோவில் இன்றைக்கு மண்டையோட்டு நாள் என்று சொன்னார்கள். உறைந்த தரைமேல் உருகிய நீர் நிற்கிற நாளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். காரணத்தை மண்டையில் அடிபட்டவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். தூலா அன்றைக்கு ஓடப் போகவில்லை. அவளுக்கா தெரியாது? வீட்டிலேயே இருந்தாள். ஆனால் பேப்பர் எடுக்க, வீட்டில் போடும் ரப்பர் செருப்போடு தபால் பெட்டிவரை நடந்தாள். இருபத்தாறு வருஷம் பனியில் ஓடி ஒரு கீறல் வாங்காதவள், பேப்பர் எடுக்கப் போய் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்தது.

பேப்பருக்குத்தானே போகிறோம் என்று துடைப்பத்தைச் சாத்தவில்லை. ஜன்னல் வழியே நான் பார்த்தேன், துடைப்பம் மூலையில் இருந்தது. வீட்டில்தான் இருக்கிறாள் என்று குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மேட்டுத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீரில், இருபது நிமிஷம் கிடந்திருக்கிறாள். இதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்த வழியாக வந்தவர் தைஸ்தோ. ஆம்புலன்ஸ் வந்தது, மேட்டில் ஏற முடியாமல் சக்கரம் சுழன்றுகொண்டு கீழேயே நின்றது. அவளை உதைவண்டி நாற்காலியில் உட்காரவைத்து, தன் கோட்டால் சுற்றி, மெல்ல மெல்லக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார். வலியில் அவள் கத்தினாளாம். அவரும் பதிலுக்குக் கத்தினாராம். ஆம்புலன்ஸில் வந்த பையன்கள் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்துக்கொண்டார்களாம்.

ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் ஆணி வைத்துத் தைத்தார்கள். "இப்ப உள்ளயும் ஆணி, வெளியவும் ஆணி," என்று நான் போனபோது சிரித்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எலும்பு மெலிஞ்சு போச்சாம். நல்லா நடக்கணுமாம், ஓடக்கூடச் செய்யலாமாம். விழத்தான் கூடாதாம்."

"அது சரி, விழணும்னு யாராவது போவாங்களா?"

"அதையேதான் நானும் கேட்டேன். அந்தாளு சிரிக்கவே இல்ல."

ஜூனில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். கோடையில் கம்பு ஊன்றாமல் நடந்தாள், காட்டில் புளுபெர்ரி பறித்தாள். செப்டம்பரில் லேசாக ஓடக்கூட ஓடினாள். அக்டோபரில் புது ஆணி ஷூ வாங்கி வாசலில் வைத்தாள். நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு முதல் உறைபனி விழுந்தது. துடைப்பம் மூலையிலேயே நின்றது.

ஒரு நாள், இரண்டு நாள் என்று பார்த்தேன். நவம்பர் பாதி போய்விட்டது. மத்தியானம் காபியோடு உட்காருவேன், நீலம் இறங்கும், எதிரே துடைப்பம் மூலையில் நிற்கும். எனக்கும் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது. தபால் பெட்டிவரைகூட மனத்தால் போக முடியவில்லை. ஒரு நாள் மூன்று மணிக்குக் கதவைத் தட்டினேன். உடுத்தியிருந்த உடையோடு கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தப் பழைய நவம்பரில் பார்த்த அதே முதுகு. அப்போதாவது மறுநாள் காலையில் எழுப்ப நூற்று நாற்பது வயிறு இருந்தது. இப்போது யாரும் இல்லை. எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. இந்தத் தடவை இவள் எழுந்திருக்கமாட்டாளோ என்று நினைத்தேன்.

அந்த மாதக் கடைசியில் சாலைக் கூட்டம், என் வீட்டில். ஏலக்காய் பன்னும் காபியும் வைத்தேன். தூலா வரவில்லை. எட்டுப் பேர். இந்தத் தடவை சரளைப் பேச்சைக் கிளப்பியது நானேதான். யாருக்காக என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. டிராக்டர் வைத்திருக்கும் ரெய்யோ ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தான். வேண்டும் என்று நான்கு பேர். வேண்டாம் என்று மூன்று பேர். கடைசியில் தைஸ்தோ. அவரும் வேண்டாம் என்றால் சமம், பழையபடி சரளை கிடையாது.

"நீங்க என்ன சொல்றீங்க, தைஸ்தோ அண்ணே?"

தைஸ்தோ ஒரு சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காபியை உறிஞ்சினார். ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்வீட்டில் விளக்கு எரியவில்லை.

"போடலாம்னும் இருக்கு. போட வேண்டாம்னும் இருக்கு," என்றார்.

எங்கள் சாவோ வட்டாரத்து ஆட்களிடம் ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களும் கிடையாது என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். இருக்கின்றன, வெளியே எடுப்பதில்லை. ரெய்யோ என்னைப் பார்த்தான். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: சரளை வேண்டும், ஐந்து. வேண்டாம், மூன்று. தெரிந்தேதான் எழுதினேன். கையெழுத்துக்கு நீட்டினேன். தைஸ்தோ மூக்குக் கண்ணாடியை மாட்டி, அந்த வரியை விரல் வைத்துப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு இன்னொரு பன் எடுத்துக்கொண்டார்.

மறுநாளே ரெய்யோ சாலை முழுக்கத் தூவிவிட்டான். தைஸ்தோவின் உதைவண்டி வாசலைத் தாண்டிப் பத்தடி போய்க் கிறீச்சென்று நின்றது. அவர் அதைத் திருப்பி இழுத்துக்கொண்டு உள்ளே போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மூன்று நாள் வெளியே வரவில்லை. பால் வாங்கிக்கொண்டு போனேன்.

"உன் பாலை யாரு கேட்டா?" என்றார்.

"ஏன் கையெழுத்துப் போட்டீங்க? தப்பா எழுதிட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"நீ தப்பா எழுதினதா யாரு சொன்னா?" என்றார். பாலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் தூலா வெளியே வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு என் கோபம் என்னையே இழுத்துக்கொண்டு போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தியது.

"அடியே, சாலை பூரா உனக்காகச் சரளை கொட்டிக் கிடக்கு. அந்த மனுஷன் கடைக்குப் போக முடியாம உள்ளயே கிடக்கிறார். நீ இங்க சுவத்தைப் பார்த்துட்டு இருக்க."

"நான் கேட்டேனா?"

"கேக்கல. அதான் எனக்கு எரியுது."

அவள் திரும்பிப் படுத்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஐஸ் மேல பயம் இல்லடி. விழறதுகூட பெருசில்ல. அந்த இருபது நிமிஷம், வானத்தைப் பார்த்துட்டு அசைய முடியாம கிடந்தேனே... துடைப்பம் சாத்தலியே, யாரும் வரமாட்டாங்களேன்னு. கண்ணை மூடினா அங்கதான் கிடக்கேன். கையில பிடிச்சுக்க எதுவுமே இல்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம் காற்று மாறியது. ஒரு நாள் முழுக்க மழை. ரேடியோவில் மண்டையோட்டு நாள் என்று மூன்று தடவை சொன்னார்கள். யாரும் வெளியே தலை காட்டவில்லை. ரெய்யோ தூவிய சரளையெல்லாம் உருகிய ஐஸ் நீருக்குள் அமிழ்ந்து போயிற்று. அடுத்த இரவு வானம் தெளிந்து, வெப்பமானி மைனஸ் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கியது. விடிந்து பார்த்தால் சாலை ஒரே கண்ணாடி. சரளை அதற்கு அடியில், பார்க்கலாம், தொட முடியாது. ஆனால் ஈரம் ஒரு பொட்டு இல்லை. காய்ந்து இறுகிய ஐஸ். ஆணி நன்றாகக் கடிக்கிற ஐஸ்.

மத்தியானம் நான் வாசற்படியில் அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டிருந்தேன். தைஸ்தோ உதைவண்டியோடு வந்தார். கடைப்பக்கம் போகவில்லை. தூலாவின் படிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கதவைத் தட்டினார்.

"பால் தீர்ந்துபோச்சு," என்றார்.

"அதுக்கு நான் என்ன பண்றது? நான் என்ன மாடா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. ஒரு மாதத்தில் அவள் சொன்ன முதல் கிண்டல். சாம்பல் வாளியை அப்படியே வைத்துவிட்டு நின்றேன்.

"முழங்கால் இன்னிக்கு உதைக்க ஒத்துக்கல. யாராவது பின்னாலிருந்து தள்ளணும்."

"ரெய்யோவைக் கூப்பிடு."

"அவன் கால்ல பல்லு இல்ல. உன் வாசல்ல ஒரு ஜோடி புதுசா சும்மா கிடக்கு."

கதவு திறந்தது. தூலா கம்பளி மேலாடையோடு நின்றாள், தலைமுடி ஒரு பக்கம் அழுந்தியிருந்தது. அவர் பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியில் போய் உட்கார்ந்து, மடியில் கைகளை வைத்துக்கொண்டார்.

"பெருசு, விளையாடறியா? நான் விழுந்தா?"

"கைப்பிடியைப் பாரு. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. நான் தொண்ணூறு கிலோ முன்னால உக்காந்திருக்கேன், வண்டி எங்க ஓடிடும்? நீ விழறதுக்கே இடம் இல்ல." பிறகு அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு நான் தள்ளினேன். இப்ப உன் முறை."

அவள் அசையாமல் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, என் கால்விரல்கள் மரத்துப்போயின. பிறகு உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஆணி ஷூ காலில் இருந்தது, சால்வை வாய்மேல் இருந்தது, கோட்டில் இரண்டு வில்லைகளும் ஆடின. படியில் ஒவ்வொரு அடியாக இறங்கி வந்து கைப்பிடியைப் பிடித்தாள். விரல் வெளுத்திருக்கும், கையுறைக்குள், எனக்குத் தெரியும். ஓரடி வைத்தாள். ஆணி கறுக்கென்றது. இன்னொரு அடி. கறுக். உதைவண்டி அவளுக்கு முன்னால் சத்தமில்லாமல் வழுக்கியது.

"துடைப்பம்!" என்று கத்தினார் தைஸ்தோ, திரும்பிப் பார்க்காமலே. "துடைப்பத்தைச் சாத்திட்டு வா, கழுதை! மறுபடியும் மறந்துட்ட பாரு!"

"கத்தாதே, காது இருக்கு," என்று அவளும் கத்தினாள். போய்ச் சாத்திவிட்டு வந்தாள். மறுபடி கைப்பிடியைப் பிடித்தாள். முதலில் நடந்தாள். என் வேலியைத் தாண்டும்போது கறுக் கறுக் என்பது நெருங்கி நெருங்கி வந்தது. குட்டிக் குட்டி அடி. சுடுகல்லில் விட்ட கோழி. ஓடினாள். தூலா ஓடினாள். அவர் ஏதோ சொல்வதும் அவள் திட்டுவதும் கேட்டது, அப்புறம் இருவரும் நீலத்துக்குள் போய்விட்டார்கள்.

நான் உள்ளே வந்து காபியை ஊற்றிக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்தேன். எதிரே அவள் கதவில் துடைப்பம் குறுக்கே சாத்தியிருந்தது. அதற்குப் பக்கத்து வீட்டைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். தைஸ்தோவின் வீட்டில் துடைப்பம் கிடையாது. பனி தள்ளும் பெரிய மண்வாரியை எடுத்துத் தன் கதவின் குறுக்கே சாத்திவிட்டுப் போயிருந்தார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நாற்பது. ஒரு மணி நேரம். இப்போது தபால் பெட்டிகளைத் தாண்டியிருப்பார்கள்.